நடமாடும் வீட்டுக்கு மின்சாரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, எலக்ட்ரிக் வண்டியப் பத்தி ஏதாச்சும் பேசிரு, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். "எலக்ட்ரிக் வண்டியப் பத்திப் பேச நெறையப் பேர் இருக்காங்ணா, நான் டீசல் லாரியப் பத்திப் பேசறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "செரி, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாதே" என்றார். அதற்கு முயற்சி செய்கிறேன்.

2009-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனவன் நான். பெங்களூரில் இன்வெர்ட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, 2017-ல் இதே கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டு ஓரத்தில் ஒரு சின்னப் பட்டறை போட்டேன். வண்டிகளுக்குள் மின்சாரம் அமைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஆம்புலன்ஸ், நடமாடும் மருத்துவ வேன், டிபன் கடை வேன் என்று வரும். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து, அதற்குள் கட்டில், அடுப்பு, விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார்கள். டிரக் கேம்பர் என்று பெயர். 2021-ல் பக்கத்து மாநிலமான கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, அந்த மாதிரி வேண்டும் என்று கோயமுத்தூரிலிருந்து சிலர் என்னிடமும் வந்தார்கள். செய்து கொடுத்தேன். இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்று நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிகள் அதையும், வண்டியை மாற்றி அமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் முதலில் படித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். சுற்றுலாவுக்குப் போகிறவர் நாலு நாள் வண்டியில் தூங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வருஷத்தில் பத்து மாதம் வண்டியிலேயே தூங்குகிறவர்கள் நம் கொங்கு நாட்டில் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் உங்களுக்குத் தெரியும். போர் போட அந்த ஊர் வண்டி போகாத மாநிலம் இல்லை. ரிக் வண்டிக்குப் பின்னாலேயே பைப், டீசல், சாமான் சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி போகும். சப்போர்ட் வண்டி என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆட்களுக்கு அதுதான் வீடு. ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த பையன்கள் அதில் அதிகம். பைப் மேல் தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் ஆயிரம் அடி தாண்டி இறங்குகிற போர் சாதாரணம். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கவேண்டிய நாட்களும் உண்டு. ஏப்ரல் மாசத்துப் பகலில், இரும்புப் பெட்டிக்குள்!

2018 மார்ச்சில் அப்படி ஒரு ரிக் உரிமையாளர் என் பட்டறைக்கு வந்தார். கிணத்துக்கடவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் போர் ஓடிக்கொண்டிருந்தது. "ஏனுங் தம்பி, பசங்க வெக்கைல தூங்க மாட்டேங்கறாங்க. தூக்கமில்லாம மெஷின்ல கைய வெச்சா என்னாகும்? நாலு ஃபேன், நாலு லைட்டு, செல்லுக்குச் சார்ஜு. அவ்வளவுதான் வேணும்" என்றார். கேபினுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பெட்டியைக் கட்டி, மூன்று அடுக்காகப் படுக்கை போட்டிருந்தார். வண்டி நிற்கும்போது தூங்குவதற்கு மட்டும். ஓடும்போது அதில் ஆள் உட்காரக் கூடாது என்பதை அவரே சொன்னார்.

நாலு ஃபேன், நாலு லைட். இதற்கு என்ன டிசைன் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன். பெங்களூரில் 50 கிலோவாட் இன்வெர்ட்டர் பார்த்தவன் அல்லவா!

லாரியில் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். கடையில் கிடைத்த ஃபேன் 12 வோல்ட். ஆகவே இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை எடுத்தேன். நம் ஊர் லாரிகளில் பாட்டுப் பெட்டிக்கு எல்லோரும் செய்கிற வேலைதான். விளைவு என்ன? கீழ் பேட்டரி மட்டும் ராத்திரி முழுக்க உழைக்கும், மேல் பேட்டரி சும்மா இருக்கும். பகலில் டைனமோ (மெக்கானிக்குகள் இன்றைக்கும் ஆல்டர்நேட்டரை அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் பழகிவிட்டேன்) இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும். காலியான பேட்டரி நிறையாது, நிறைந்த பேட்டரி கொதிக்கும். மூன்றே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. இரண்டாம் ஆண்டுப் பையனிடம் கேட்டிருந்தாலும் இது நடக்கும் என்று சொல்லியிருப்பான்.

சரி, திருத்தினேன். 24 வோல்ட்டாகவே பெட்டி வரைக்கும் கொண்டுபோய், அங்கே ஒரு கன்வெர்ட்டர் வைத்து 12 ஆக்கினேன். அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. மொத்த லோடு 180 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது 15 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். ஒயரிலேயே 1.3 வோல்ட் போய்விடும், அதாவது பதினோரு சதவீதம். ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது அதனால்தான். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதி, இழக்கிற வோல்ட்டும் பாதி, ஆனால் அளக்கிற மொத்தம் இரண்டு மடங்கு. ஆகவே இழப்பு மூன்று சதவீதத்துக்கும் கீழே. ஃபேன் ஜம்மென்று ஓடியது. ஓனர் போன் போட்டு, "பசங்க உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த இடத்தில் விடுதிக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் அறையில் வாளித் தண்ணீருக்குள் ஹீட்டரைப் போட்டால் கட்டையில் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாக ஒயரில் நாலு இழையை உருவி முறுக்கிக் கட்டிவிடுவோம். அதற்குப் பிறகு போகாது. வார்டன் சார் ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்து, "எலக்ட்ரிகல் படிக்கிற உங்களுக்கே இதுன்னா, மத்தவனை நான் என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். இந்த அரங்கிலும் இரண்டு பேர் இப்போது சிரிக்கிறார்கள், எனக்குத் தெரிகிறது.

2019 ஏப்ரல். வண்டி கர்நாடகத்தில் ஒரு கிராமத்தில் நின்றிருந்தது. ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஓனர் கூப்பிட்டார். "தம்பி, பெட்டி எரிஞ்சு போச்சு."

நான் ஃப்யூஸ் போடாமல் இல்லை. போட்டேன், பெட்டிக்குள், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், பார்க்கவும் மாற்றவும் வசதியாக. பேட்டரியிலிருந்து அந்த ஃப்யூஸ் வரைக்கும் ஆறு மீட்டர் ஒயர், சேஸிஸ் ஓரமாக, வீட்டு வயரிங்குக்குப் போடுகிற அதே ஒயர். சேஸிஸில் ஒரு ஓட்டை வழியாக அது உள்ளே நுழைகிறது. ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் போடவில்லை. ஒரு வருஷ ஓட்டத்தில் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. லாரியில் நெகட்டிவ் முழுக்க சேஸிஸ்தான். செம்பு இரும்பைத் தொட்டதும் சில நூறு ஆம்பியர் பாய்ந்திருக்கும். அந்த மின்னோட்டம் ஃப்யூஸ் வழியாகப் போகவே இல்லை, ஃப்யூஸுக்கு முன்பே திரும்பிவிட்டது. என் ஃப்யூஸ் கடைசி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. எரிந்த பெட்டிக்குள்ளிருந்து அதை நானே எடுத்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். கன்டினியூட்டி காட்டியது.

உள்ளே ஏழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேல் படுக்கையில் இருந்த ஒடிசாப் பையன் ஒருவன் புகை வாசனைக்கு முழித்து, மற்றவர்களை உதைத்து எழுப்பி வெளியே தள்ளியிருக்கிறான். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு வலது கையிலும் காலிலும் தீக்காயம். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் முன்னால் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வயர் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில், "அண்ணா, ஃபேன் மறுபடி போடுவீங்கதானே?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். ஃப்யூஸை இடம் மாற்றி, வளையம் போட்டு, குழாய்க்குள் ஒயரை விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு சில நூறு ரூபாய்.

அப்புறம் முதலிலிருந்து உட்கார்ந்தேன். இந்த முறை பேட்டரியிலிருந்து தொடங்கவில்லை, தூங்குகிற ஆளிலிருந்து தொடங்கினேன். அவனுக்கு ஒரு ராத்திரிக்கு என்ன வேண்டும்? நாலு ஃபேன், ஒவ்வொன்றும் 18 வாட், பத்து மணி நேரம், 720 வாட்-மணி. நாலு எல்.இ.டி. விளக்கு, ஆறு வாட் வீதம் ஐந்து மணி நேரம், 120. பத்து செல்போன், தலைக்கு 15 வீதம் 150. மொத்தம் 990. இழப்பைச் சேர்த்து 1,200 என்று வைத்தேன். வீட்டு மீட்டரில் 1.2 யூனிட். இவ்வளவுதான் ஏழெட்டுப் பேரின் தூக்கத்துக்கு விலை.

இதற்கென்று தனிப் பேட்டரி. லாரி பேட்டரியிலிருந்து ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவேண்டும். 2019-ல் போட்டது 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் இரண்டு. கணக்குப்படி 3,600 வாட்-மணி, பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும் என்பதால் 1,800-தான் நமக்கு. எடை நூறு கிலோவுக்கு மேல். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயுவை விடும் என்பதால் படுக்கைக்குக் கீழே வைக்கவே கூடாது. வெளியே, காற்றோட்டமான பெட்டியில் வைத்தேன். 2022-ல் அதை எடுத்துவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. எண்பது சதவீதம் இறக்கினாலும் 2,000 வாட்-மணிக்கு மேல், அதாவது ஒன்றே முக்கால் இரவு. எடை நாலில் ஒரு பங்குதான். லித்தியத்தில் பல வகை உண்டு. தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்க எளிதில் தீப்பிடிக்காத இந்த வகையைத்தான் நான் எடுப்பேன். ஒரு குறை, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. கிணத்துக்கடவில் அந்தக் கவலை இல்லை, ஆனால் வண்டி இமாசலத்துக்கும் போகும் என்று ஓனர் சொன்னதால் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்துகிற கட்டுப்பாடு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம்.

ஃப்யூஸ் எங்கே? பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஃபேனை அல்ல, ஒயரை. அதனால் ஒயர் தொடங்குகிற இடத்தில் அது இருக்கவேண்டும். நெகட்டிவுக்கும் தனி ஒயர், சேஸிஸை நம்புவதில்லை. லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவதில்லை, ஹைட்ராலிக் கிரிம்பிங்தான். நட்டை இறுக்கியபின் அதன்மேல் ஒரு பெயின்ட் கோடு. அதிர்வில் நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் போடுகிற சாதாரண எம்.சி.பி.யை இங்கே மாட்டாதீர்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்ச் பிரியும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, பொறி எரிந்துகொண்டே இருக்கும். டி.சி.க்கென்று எழுதியிருக்கிற பிரேக்கரைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார். ஒன்றல்ல.

இன்வெர்ட்டர் வைக்கவில்லை. பலரும் ஆச்சரியப்படுவார்கள். சும்மா ஆன் செய்து வைத்தாலே ஒரு நடுத்தர இன்வெர்ட்டர் 15 வாட் தின்னும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு 360 வாட்-மணி, அதாவது இரண்டு ஃபேனின் ராத்திரிச் செலவு, ஒரு வேலையும் செய்யாமல். ஃபேன், விளக்கு, சார்ஜர் எல்லாமே டி.சி.யில் கிடைக்கும்போது அது எதற்கு?

சார்ஜுக்குக் கூரைமேல் 200 வாட் சோலார் தகடு இரண்டு. நல்ல வெயிலில் ஐந்து மணி நேரக் கணக்குக்கு, வெப்பம், அழுக்கு, இழப்பு எல்லாம் போக 1,400 வாட்-மணி வரும். பேப்பரில் வரும். போர் ஓட்டும்போது அழுத்தக் காற்றில் பாறை மாவாகி மேலே பறக்குமே, அந்த வெள்ளைத் தூள் தகட்டின்மேல் படிவதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று நாளில் தகடு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. காலையில் பல் துலக்கும் முன்னால் ஒருவன் மேலே ஏறித் துடைக்கவேண்டும் என்று முறை வைத்தார்கள். ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து கிணத்துக்கடவின்மேல் நின்றுகொண்டால் துடைத்தும் பிரயோஜனமில்லை. அதற்குத்தான் டைனமோவிலிருந்து ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர், 30 ஆம்பியர். வண்டி இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ராத்திரிக்கு ஆகிவிடும். நேரடியாக ஒயரைக் கொடுத்தால் என்ன என்று கேட்காதீர்கள். லித்தியம் கொடுத்ததையெல்லாம் இழுக்கும். வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோவின் குளிர்விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், அப்போது அது வெந்துபோகும்.

"ஏ.சி. போட முடியாதுங்களா?" என்று ஓனர் கேட்டார். லாரி நிற்கும்போது ஓடுகிற 24 வோல்ட் ஏ.சி. இருக்கிறது. 700 வாட், எட்டு மணி நேரம், ஐந்தரை யூனிட்டுக்கு மேல். நம் கணக்கில் நாலு மடங்கைத் தாண்டிவிடும். அத்தனை தகட்டுக்குக் கூரையில் இடமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் அது என்ஜின் ஓடினால்தான் ஓடும். நிறுத்திவிட்டுத் தூங்குகிற டிரைவருக்கு மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசலை எரித்துக் குளிர் கொடுப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த இடம் காலியாக இருக்கிறது தம்பிகளே, கடைசி வருஷத்துப் பிராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் யோசிக்கலாம். ஏ.சி.க்குப் பதிலாகத் தகரக் கூரைக்கு உள்பக்கம் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டி, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். ஒயரே இல்லாத அந்த வேலைக்குத்தான் பையன்களிடம் அதிகப் பாராட்டு.

இன்னும் ஒன்றே ஒன்று, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். சில இடங்களில் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து 230 வோல்ட்டை இழுத்து வண்டிக்குக் கொடுப்பார்கள். வண்டி நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது கசிந்தால் வண்டியின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும், யாருக்கும் தெரியாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவுப்பிடியைத் தொடுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். போர் போடுகிற இடத்தில் தரை எப்போது காய்ந்திருக்கிறது? முப்பது மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் அந்த ஒயரை உள்ளே விடுவதில்லை என்று ஓனரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

இப்படி இதுவரை பதினோரு சப்போர்ட் வண்டி செய்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை பட்டறைக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை, பெயின்ட் கோடு பார்க்க. அந்த ஒடிசாப் பையன் குணமாகி அதே வண்டிக்குத் திரும்பி வந்தான். இப்போது அவன்தான் ரிக் ஆபரேட்டர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுகிறான். புதுப் பையன் யாராவது ஃப்யூஸ் பெட்டியில் கை வைத்தால் சட்டைக் கையை மடக்கி அந்தத் தழும்பைக் காட்டுகிறான் என்று ஓனர் சொன்னார்.

அந்த வண்டி நேற்றுதான் சர்வீசுக்கு வந்தது. ஓனரிடம் அனுமதி கேட்டு இன்றைக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், வேப்பமர நிழலில் நிற்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள். பேட்டரி பெட்டியைத் திறந்து காட்டுகிறேன், சாணை வைத்து அளந்து பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முதலில் வரட்டும். நடு பேட்டரியிலிருந்து ஒயர் எடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேட்கப்போகிறேன்.